தாளில் உள்ளபடி

வவாவு
3 பிப்ரவரி 1987

அன்புத் தங்கை லூசியாவுக்கு,

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன், கோபிக்காதே. போன வியாழன் மாலை ஆலயக் கூடத்தில் கொயர் பயிற்சிக்குப் போதகர், போதகரம்மா, சோப்ரானோ குரலில் பதினான்கு பேர், ஆல்டோ என்னோடு பன்னிரண்டு, டெனர் எட்டு, பேஸ் ஏழு. ஆக மொத்தம் நாற்பத்து மூன்று பேர். டெனரில் நம் தம்பி ஹெனேலி. சோப்ரானோவில் அவன் மனைவி சேலா. வராதவர் ஒருவர்தான், மாலியாவின் மாமியார், காலில் புண்.

இத்தனை பேர் முன்னால்தான் போதகர் சொன்னார். கிறிஸ்மஸுக்கு மறுநாள் கொயர் மாஸ்டர் சாமிசோனியை அடக்கம் செய்தோம் அல்லவா, அவர் இடத்துக்கு இனி சேலாவாம். மேசையில் இருந்த, கொயர் நடத்துகிற கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எனக்கு ஒன்றுமில்லை, லூசியா. கர்த்தர் யாரை உயர்த்த நினைக்கிறாரோ அவரை உயர்த்துகிறார். ஆனால் பதினான்கு வருடமாக ஒவ்வொரு பாட்டின் சுர எண்களையும் வெள்ளைத் துணியில் பெரிதாக எழுதிச் சுவரில் தொங்கவிடுகிறவள் யார், வருகைப் பதிவு வைக்கிறவள் யார், ஆல்டோவுக்கு முதல் சுரம் எடுத்துக் கொடுக்கிறவள் யார் என்று உனக்குத் தெரியும். நான் சேலாவைப் போல விடுதிப் பள்ளியில் ஆர்மோனியம் வைத்துக் கற்கவில்லை. சாமிசோனி பலகையில் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றேன். சேலா எயூவா தீவிலிருந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. பதிவுப்படி போன வருடம் அவள் தாமதமாக வந்தது பதினேழு முறை. குழந்தைக்குக் காய்ச்சல் என்ற ஆறு முறையை நான் கழித்துவிட்டேன், கழிக்காவிட்டால் இருபத்து மூன்று.

வீட்டுக்கு வரும் வழியில் என்னோடு ஆல்டோ பாடுகிற மாலியா, "உங்களுக்குத்தான் வரும்னு நெனச்சேன் அக்கா" என்றாள்.

"எனக்கு எதுக்குடி? வீட்டு வேலையே தலைக்கு மேல கெடக்கு" என்றேன். எனக்கு ஒன்றுமில்லை.

உன் கால் வீக்கம் எப்படி? லாண்டரியில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததா? உன் அத்தான் சியோசி நலம், மீன் பாடு சுமார். காலையும் மாலையும் உன்னை ஜெபத்தில் வைக்கிறேன்.

உன் அக்கா
அனசேனி


ஆக்லாந்து
8 மார்ச் 1987

என் அக்காவுக்கு,

லூசியாவின் முத்தம். இங்கே காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. கால் பரவாயில்லை. வேலை இன்னும் நின்றுகொண்டுதான். அத்தானுக்கு என் அன்பு.

உன் கடிதத்தை மேசையில் வைத்து உன்னைப் போலவே எண்ணிப் பார்த்தேன். என் கால் ஒரு வரி, அத்தான் ஒரு வரி, சேலா ஒரு பக்கம். "எனக்கு ஒன்றுமில்லை" இரண்டு இடத்தில். ஒன்றுமில்லாதவள் ஒரு தரம் எழுதினால் போதாதா அக்கா?

சேலா நல்லவள்தானே. நான் விமானம் ஏறிய அன்று உன் கண்ணில் படாமல் என் பையில் சுட்ட வள்ளிக்கிழங்கை வைத்தவள் அவள்தான். சரி, அதை விடு. போதகர் உன்னை ஏன் சொல்லவில்லை என்று அவரிடமே கேட்டாயா? கேட்டால் என்ன? மனுஷர்தானே.

என் மகள் டீனா இங்கே நம் ஆட்களின் கோவிலில் பாடச் சேர்ந்திருக்கிறாள். "அம்மா, நம்ம பாட்டு ஏன் மூணுல ஆரம்பிக்குது? ஒண்ணும் ரெண்டும் எங்க போச்சு?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாவைக் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

லூசியா


வவாவு
12 ஏப்ரல் 1987

அன்புள்ள லூசியாவுக்கு,

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து, குழிக்குள் மூடி வைத்த மண்ணடுப்பைத் திறந்து, சாப்பிட்டுக் கழுவி வைத்துவிட்டு எழுதுகிறேன். நாங்கள் சுகம்.

டீனாவுக்குச் சொல். அந்தக் காலத்துப் பாதிரியார் முதல் சுரத்துக்கு மூன்று என்று வைத்தார். மூன்றிலிருந்து ஒன்பது வரை ஏழு சுரம். ஒன்றையும் இரண்டையும் ஏன் விட்டார் என்று நான் யாரையும் கேட்டதில்லை. எழுதியிருப்பதைப் பாடத்தான் கற்றேன். போதகரையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

சேலா நடத்துகிற விதத்தை நீ பார்க்க வேண்டும். சாமிசோனி நின்றால் கூடமே நிமிரும். இவள் பாயில் எங்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு யாரு முதல் சுரம் எடுக்குறது?" என்கிறாள். ஒவ்வொரு வாரமும் வேறு ஆள். போன வாரம் ஆல்டோவில் மாலியாவைச் சொன்னாள். பதினான்கு வருடம் என் தோளுக்குப் பின்னால் ஒளிந்து பாடியவள் மாலியா. மூன்று தரம் பிசகினாள். கூடமே சிரித்தது, அவளும் சிரித்தாள். "விடாத, இன்னொரு வாட்டி" என்றாள் சேலா. நான்காம் தரம் சுரம் சரியாக நின்றது. மாலியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லாரும் சேலாவைப் பார்த்தார்கள், என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தேழு ஆகிவிட்டார்கள். அதை என் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது.

ஹெனேலி மகள் மெலினோவின் பிறந்தநாள் புதன்கிழமை நடந்தது. அத்தைக்குரிய மரியாதைக்குக் குறைவில்லை. பாயின் தலைமாட்டில் என்னை உட்கார வைத்து, முதல் பங்கும் கேக்கின் மேல்தட்டும் எனக்கே வைத்தார்கள். சேலா குனிந்து பரிமாறினாள். வீட்டில் நான் வாய் திறந்தால் அவள் தரையில் உட்கார வேண்டும், கோவிலில் அவள் கோலைத் தூக்கினால் நான் எழுந்து நிற்க வேண்டும். இது என்ன கணக்கோ, கர்த்தருக்கே வெளிச்சம். முன்பெல்லாம் சனிக்கிழமை ஆனால் பிள்ளையில்லாத என் வீட்டுக்குப் பாட்டுப் புத்தகத்தோடு ஓடி வருவாள் மெலினோ. இப்போது அம்மாவின் பின்னால் அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

குளிருக்கு மார்பை மூடிக்கொள்.

அனசேனி


வவாவு
14 ஜூன் 1987

அன்புள்ள லூசியாவுக்கு,

நீ இன்னும் பதில் போடவில்லை. வேலை அதிகமாக இருக்கும். நான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

நெயாஃபு நகரில் பாடல் மாநாடு போன சனிக்கிழமை முடிந்தது. ஒன்பது ஊர். எங்கள் ஊரிலிருந்து இரண்டு லாரியில் நாற்பத்தாறு பேர் போனோம். போகும்போது மழை. கறுப்பு உடுப்பும் அதன்மேல் இடுப்பில் கட்டுகிற பாயும் நனையாமல் இருக்க எல்லாவற்றையும் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு போனோம்.

எல்லா ஊரும் பாட வேண்டிய புதுப் பாட்டின் தாள் புதன்கிழமைதான் வந்தது. மை சரியாக ஒட்டாத அச்சு. வியாழன் பகல் முழுக்க உட்கார்ந்து துணியில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நான்கு குரலும் சேர்ந்து பாடியபோது மூன்றாம் வரியில் ஓர் இடம் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி கேட்டது. சேலா நிறுத்தினாள்.

"அண்ணி, ஆல்டோவுல அந்த ஆறு சரிதானா?"

"தாள்ல உள்ளபடிதான் எழுதியிருக்கேன்."

"தாளைக் கொஞ்சம் நானும் பாக்கலாமா?"

"ஏன், என் எழுத்து மேல சந்தேகமா?"

அக்காவும் மனைவியும் பேசுகிற இடத்தில் தம்பி இருக்கக்கூடாது என்று ஹெனேலி எழுந்து வெளியே போய்விட்டான். "இல்ல அண்ணி, தப்பா கேட்டுட்டேன்" என்று சேலா தலையைக் குனிந்துகொண்டாள். கணவனின் அக்காவிடம் அவள் வேறு என்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை மற்ற எட்டு ஊரும் அந்த இடத்தில் எட்டு என்று பாடின. நாங்கள் ஆறு என்று பாடினோம். ஆயிரம் பேர் கூடிய இடத்தில் யாரோ சிரித்தார்கள். டெனர் தடுமாறியது, பிறகு எல்லாமே நின்றுவிட்டது. சேலா கூட்டத்தின் பக்கம் திரும்பி, "நான் சரியாச் சொல்லிக் கொடுக்கல. இவங்க மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். மூன்றாம் வரியில் ஆல்டோ ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. நான் தாளில் உள்ளபடி எழுதினேன்.

எங்கள் பெரிய பன்றி எட்டுக் குட்டி போட்டது, ஒன்று செத்துவிட்டது. சேனைக்கிழங்கு இந்த வருடம் நல்ல பருமன். உன் கால் எப்படி?

அனசேனி


ஆக்லாந்து
19 ஜூலை 1987

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். டீனாவுக்கு அம்மை போட்டு இறங்கியது. இப்போது எல்லாரும் சுகம். எண்களைப் பற்றி நீ எழுதியதை அவள் கோவிலில் எல்லாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்கிறாள்.

இந்தப் பொட்டலத்தில் உனக்கு ஒரு படிக்கிற கண்ணாடி இருக்கிறது. இங்கே கடையிலேயே வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், போட்டுப் பார்த்து வாங்கலாம். உனக்கும் நாற்பத்தாறு ஆகிவிட்டது. கூச்சப்படாதே. மங்கலான அச்சில் ஆறு எது, எட்டு எது என்று யாருக்குத்தான் குழம்பாது?

சேலா எப்படி இருக்கிறாள்? மாநாட்டுக்குப் பிறகு அவளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே.

லூசியா


வவாவு
16 ஆகஸ்ட் 1987

லூசியாவுக்கு,

பொட்டலம் வந்தது. சோப்புக்கு நன்றி. உன்னிடம் கண்ணாடி கேட்டது யார்? இன்றைக்கும் ஊசியில் நூலை ஒரே தரத்தில் கோர்க்கிறேன். சியோசியின் படகு முனையைத் திரும்பும்போதே பாய் கிழிந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். மாலியாவின் மாமியாருக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன். அவளுக்குத்தான் தேவை.

சேலாவைக் கேட்டிருந்தாய். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சின்னவனைத் தூக்கிக்கொண்டு போன மாதப் படகில் எயூவாவுக்குப் போய்விட்டாள். போகும் முன் கோலைப் போதகரிடம் கொடுத்துவிட்டாளாம். போதகரும் போதகரம்மாவும் என் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். நான் கேட்டு வாங்கவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் ஆறிலிருந்து கொயர் மாஸ்டர் உன் அக்கா. பதினான்கு வருடத்துக்குப் பிறகு.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இப்போது சிரிப்பு, கலகலப்பு ஒன்றும் இல்லை. குறித்த நேரத்துக்குத் தொடங்கி, குறித்த நேரத்துக்கு முடிக்கிறோம். வருகை முப்பத்தெட்டு. அறுவடைக் காலம், அதனால்தான். ஹெனேலியும் வருவதில்லை. வழக்கம் தவறாமல் சனிக்கிழமை கிழங்குக் கூடையை என் வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போகிறான். மெலினோ சோறு வடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாளாம். மாலியா சொன்னாள்.

அனசேனி


ஆக்லாந்து
13 செப்டம்பர் 1987

அக்கா,

எல்லாரும் நலம். நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

யோசித்து யோசித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கண்ணாடியை நானாக நினைத்து வாங்கவில்லை. ஜூன் மாதம் சேலா எனக்கு எழுதினாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அண்ணிக்குப் பார்வை மங்கிவிட்டது போலிருக்கிறது, பாவம். எட்டு ஆறாகத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னால் மனம் நோகும். நீங்கள் வாங்கியது போல ஒரு கண்ணாடி அனுப்புங்கள். என் பெயர் வேண்டாம்." அந்தக் கடிதத்தில் உன்னைப் பற்றி வேறு ஒரு சொல் இல்லை. மாநாட்டில் பாட்டு நின்றுபோனதைப் பற்றியும் இல்லை.

சேலாவுக்குக் கொடுத்த வாக்கை இப்போது மீறுகிறேன். ஏனென்றால் உன் கண் நன்றாக இருக்கிறது என்று நீயே எழுதிவிட்டாய். ஊசியில் நூல் கோர்க்கிறாய். படகின் பாய் கிழிந்தால் தெரிகிறது.

அப்படியானால் அக்கா, அந்த எட்டு உனக்குத் தெரியவில்லையா?

லூசியா


வவாவு
18 அக்டோபர் 1987

அன்புள்ள லூசியாவுக்கு,

நாங்கள் சுகம். மழை இல்லை. தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே. சியோசிக்கு இடுப்புப் பிடித்து நான்கு நாள் கடலுக்குப் போகவில்லை. டீனா பரீட்சை நன்றாக எழுத ஜெபிக்கிறேன்.

உன் கேள்வி கண்டேன்.

அனசேனி


வவாவு
29 நவம்பர் 1987

சேலாவுக்கு,

உன் நாத்தனார் அனசேனி எழுதுவது. உன் அம்மாவின் மூச்சுத் திணறல் குறைந்ததா? சின்னவனுக்குப் பல் முளைத்ததா? இங்கே மெலினோவுக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. தலைமுடியைத் தானே பின்னிக்கொள்கிறாள். ஹெனேலி இளைத்துவிட்டான்.

அந்த எண் எட்டு. எனக்குத் தெரியும். எழுதும்போதே பாட்டு அந்த இடத்தில் ஆறுக்குப் போகாது என்று தோன்றியது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், மேல் வளையத்தின் தடம் தெரிந்தது. தெரிந்தே ஆறு எழுதினேன். நீ கேட்டபோது தாளில் உள்ளபடி என்றேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. நீ எனக்காகக் கண்ணாடி கேட்டது எனக்குத் தெரிந்துவிட்டது, லூசியாவைக் கோபிக்காதே. அது தெரிந்த நாளிலிருந்து ஜெபத்தில் உன் பெயர் வந்தால் என் நாக்கு நின்றுவிடுகிறது.

ஏன் செய்தேன் என்றால், மாலியா முதல் சுரம் எடுத்து அழுதாளே, அந்த நாள். பதினான்கு வருடத்தில் அவளை நான் ஒரு தரம்கூட எடுக்கச் சொன்னதில்லை. எடுக்கத் தெரிந்துவிட்டால் அவளுக்கு நான் எதற்கு என்று பயம். அவளுக்குத் தெரியும் என்று நீ மூன்றே மாதத்தில் காட்டிவிட்டாய். எனக்கு அது பொறுக்கவில்லை.

இதை உனக்கு எழுதும் முன் கொயரில் சொல்லிவிட்டேன். சொல்ல வைத்தது என் நல்ல மனசு இல்லை. போன வியாழன் நான் உண்மையாகவே தவறு செய்தேன். கிறிஸ்மஸ் பாட்டில் நான்கு எழுத வேண்டிய இடத்தில் கை தவறி ஐந்து எழுதிவிட்டேன். முப்பத்தெட்டுப் பேரும் அந்த ஐந்தை அப்படியே பாடினார்கள். எனக்கே காது கூசியது. "இந்த எடம் சரியா இருக்கா?" என்று கேட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் பேஸ் பாடுகிறவர் ஒருவர், "நீங்க சொன்னா சரிதானே" என்றார். நெயாஃபுவில் நடந்ததை நானே மறுபடி செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. கை தவறினாலும் வேண்டுமென்றே செய்தாலும் இந்தக் கூடத்தில் இனி ஒருவரும் எனக்குச் சொல்லமாட்டார்கள்.

கோலைக் கீழே வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். ஜூன் மாதத்து எட்டைச் சொன்னேன். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். மாலியா மட்டும் பேசினாள்.

"எங்களுக்கு அன்னிக்கே காது இருந்துச்சு அக்கா. வாய்தான் இல்ல."

"இப்ப இருக்கா?"

சுவரில் தொங்கிய துணியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இருக்கு. அப்படின்னா ரெண்டாவது வரியிலயும் ஒண்ணு தப்பு."

பார்த்தேன். அங்கேயும் தப்புதான். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். உன் காலத்தில் பொத்தியிருக்கமாட்டார்கள்.

ஹெனேலியிடம் போதகர் சொல்லிவிட்டார். அக்கா தம்பிக்குள் அந்தப் பேச்சு முடியாது. நேற்றுச் சனிக்கிழமை வாசலில் கூடை இல்லை. அது சரிதான்.

இப்போது கேட்கிறேன். நீ திரும்பி வந்து கொயரை எடுத்துக்கொள்ள வேண்டும். வந்தால் ஊர் முன்னால் என் தப்பை ஒரு தரம் சொல்லிவிட்டு, துணியில் எண் எழுதுகிற வேலையை மட்டும் நான் பார்க்கிறேன். எழுதியதை நீ தாளோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும், நான் நாத்தனார் என்று பார்க்கக்கூடாது. எனக்குப் புத்தி வந்துவிட்டது, பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். எழுதினால் அது பொய். நீ கையைத் தூக்கி, அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்கு வயிறு எரியும். எரியட்டும். நீ வா.

வர மனமில்லை என்றால் அதையாவது எழுது. போதகரிடம் சொல்ல வேண்டும், ஹெனேலியிடம் அவர் சொல்ல வேண்டும். படகு மாதத்தில் இரண்டு தரம்தான். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

அனசேனி